கிராஃப்ட்ஸ்மேன் ஸ்பானர் மறுபடி அமெரிக்காவில் செய்யப்படுமா, அதுவரை காத்திருக்கலாமா?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் தென் ஆப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் இருக்கும் ஒரு தம்பி, டீசல் மெக்கானிக் அப்ரண்டிஸ். அவருடைய தாத்தா டர்பன் துறைமுகத்தில் கப்பல் ரிப்பேர் வேலை பார்த்தவர். ஏதோ ஒரு அமெரிக்கக் கப்பலின் எஞ்சினியர் கொடுத்துவிட்டுப் போன கிராஃப்ட்ஸ்மேன் ராட்செட்டும் (ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் திருகும் கைப்பிடி) நாலைந்து ஸ்பானரும் தாத்தாவின் பெட்டியில் இருக்கின்றன, இன்றைக்கும் நன்றாக ஓடுகின்றன. அந்த பிராண்டு மறுபடி அமெரிக்காவிலேயே தயாராகப் போகிறது என்று 2019-இல் படித்ததிலிருந்து தம்பி காத்திருக்கிறார். டெக்சாசில் இருக்கும் பெரியப்பா டிசம்பரில் வருகிறார். இன்னும் பொறுக்கலாமா, இல்லை இப்போது கிடைக்கிற சீனா செட்டையே வாங்கிவரச் சொல்லலாமா என்பது அவர் எழுதியிருக்கும் கேள்வி.

எனக்கு இதில் வேறொரு கேள்வி தெரிகிறது. தாத்தாவின் ஸ்பானரில் இருக்கும் நல்ல குணம் எங்கிருந்து வந்தது, அது அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டு திரும்பி வருமா? இதற்குப் பதில் கிடைத்தால் காத்திருப்பதா வேண்டாமா என்பது தானே முடிவாகிவிடும். நான் கோயம்புத்தூரில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு டர்பனுக்கு வந்த ஃபிட்டர். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஸ்பானர் பிடித்த கை, அதில் பாதிக்காலம் சர்க்கரை ஆலையில். அந்த அமெரிக்கக் கம்பெனியின் பட்டறைக்குள் நான் கால் வைத்ததில்லை. ஆகவே பிராண்டின் கதையை ஊரறிந்த செய்தியிலிருந்தும், இரும்பின் கதையை என் கையிலிருந்தும் சொல்கிறேன்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கலாம். கிராஃப்ட்ஸ்மேன் என்பது சியர்ஸ் என்ற பெரிய கடைக்காரர்களின் பெயர், 1927-இல் பதிவானது. சியர்ஸ் சொந்தமாக உலை வைத்து ஸ்பானர் அடித்த கம்பெனி கிடையாது. வெளியே அடிக்க வைத்துத் தன் பெயரைக் குத்தி விற்றது. தம்பி கேள்வியோடு போட்டிருக்கும் ஸ்பானர் படத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் வி என்று ஒரு குட்டி எழுத்து தெரிகிறது அல்லவா, அதுதான் உண்மையில் செய்தவரின் அடையாளம். மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த மூர் டிராப் ஃபோர்ஜிங் கம்பெனியின் குறி அது. அந்தக் கம்பெனியை ஈஸ்கோ வாங்கியது, ஈஸ்கோவை 1990-இல் டானஹர் வாங்கியது. திருப்புளியிலும் குறட்டிலும் டபிள்யூ எஃப் என்று இருந்தால் அது கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருந்த வெஸ்டர்ன் ஃபோர்ஜ். ஆக உங்கள் தாத்தாவின் ஸ்பானரை அடித்தவர் ஒருவர், பெயர் போட்டுக்கொண்டவர் இன்னொருவர். தம்பி இதைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை சுலபம்.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிராஃப்ட்ஸ்மேன் கைக்கருவிகளின் பெரும்பகுதி ஆசியாவுக்குப் போனது. 2017-இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் அந்தப் பெயரைச் சியர்ஸிடமிருந்து வாங்கியது. கையில் 525 மில்லியன் டாலர், மூன்று வருடம் கழித்து இன்னொரு 250 மில்லியன், அதற்கு மேல் விற்பனையில் பங்கு. இவ்வளவும் பெயருக்குத்தான். அடுத்த வருடமே, 2018 அக்டோபரில், சியர்ஸ் திவால் மனு போட்டது. வெஸ்டர்ன் ஃபோர்ஜ் 2020-இல் கதவைச் சாத்தியது. பெயரைக் கோடிகளில் வாங்கிக்கொண்டிருந்த அதே நாட்களில் அடித்துக்கொடுத்த பட்டறை மூடிக்கொண்டிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

தம்பி படித்த 2019 செய்தியும் உண்மைதான். டெக்சாசில் ஃபோர்ட் வொர்த்தில் 90 மில்லியன் டாலர் செலவில் புதிய தொழிற்சாலை, 4,25,000 சதுர அடி, சுமார் 500 பேருக்கு வேலை, 2020 கடைசியில் தயார் என்று அறிவித்தார்கள். ராட்செட், அதன் முனையில் மாட்டி போல்ட் தலையைக் கவ்வும் சாக்கெட், ஸ்பானர் எல்லாம் அங்கேயே. பிறகு கொரோனா வந்தது, வேலை இழுத்துக்கொண்டே போனது. புதிதாகக் கொண்டுவந்த தானியங்கி முறை நினைத்தபடி ஓடவில்லை என்று செய்திகள் வந்தன. 2023 மார்ச்சில் ஆலையை மூடுவதாக அறிவித்தார்கள். அப்போது அங்கே இருந்தவர்கள் 175 பேர். தம்பி காத்திருந்த ரயில் அன்றைக்கே ரத்தாகிவிட்டது.

"ஆனாலும் கடையில் அமெரிக்கத் தயாரிப்பு என்று போட்ட கிராஃப்ட்ஸ்மேன் சாமான் இருக்கிறதே" என்று யாராவது கேட்பீர்கள். இருக்கிறது. சில பொருட்களில் "உலகப் பொருட்களைக் கொண்டு அமெரிக்காவில் செய்தது" என்று ஒட்டியிருப்பார்கள். அந்த வாலைச் சேர்த்துப் படியுங்கள். வால் இல்லாமல் வெறுமனே அமெரிக்கத் தயாரிப்பு என்று போட வேண்டுமானால் அநேகமாக முழுப்பொருளும் அந்த நாட்டிலேயே ஆகியிருக்க வேண்டும் என்பது அங்குள்ள வணிகக் கமிஷனின் விதி. வால் சேர்ந்தால் இரும்போ உதிரியோ எங்கிருந்தும் வந்திருக்கலாம். நீங்கள் ஆசைப்படுகிற ராட்செட், சாக்கெட் செட்டுக்கு அது பதில் ஆகாது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இன்னொரு கதை. நெப்ராஸ்காவில் டீவிட் என்று ஒரு குட்டி ஊர். டென்மார்க்கிலிருந்து குடியேறிய கொல்லர் வில்லியம் பீட்டர்சன் அங்கே வைஸ் கிரிப் என்ற பூட்டுக் குறட்டைக் கண்டுபிடித்து, ஊரே அதைச் செய்து பிழைத்தது. நம் ஊர் மெக்கானிக்குகள் எந்தக் கம்பெனிப் பூட்டுக் குறட்டையும் வைஸ் கிரிப் என்றுதானே கூப்பிடுகிறார்கள். 2008-இல் அந்த ஆலையை மூடி வேலையைச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். பல வருடம் கழித்து மின்னசோட்டாவைச் சேர்ந்த மால்கோ என்ற கம்பெனி அதே கட்டடத்தை வாங்கி, மறுபடி அமெரிக்க இரும்பில் பூட்டுக் குறடு செய்ய ஆரம்பித்தது. ஆனால் பெயர் ஈகிள் கிரிப். வைஸ் கிரிப் என்ற பெயர் வேறு முதலாளியிடம் இருந்ததால் அதைப் போட முடியவில்லை. அந்த வேறு முதலாளி யார் தெரியுமா? 2017-இல் இர்வின் கம்பெனியை வாங்கியபோது வைஸ் கிரிப் பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்ட அதே ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர். டெக்சாசில் பெயர் வந்தது, பட்டறை நிற்கவில்லை. நெப்ராஸ்காவில் பட்டறை சில வருடம் எழுந்து நின்றது, பெயர் வரவில்லை. இரண்டும் ஒரே வீட்டுக்குத் திரும்பி வந்த கதை என் கண்ணில் பட்டதே இல்லை.

சரி, பட்டறை என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேனே, அங்கே அப்படி என்ன இருக்கிறது? ஒரு காம்பினேஷன் ஸ்பானர் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். குரோம் வனேடியம் உருக்குக் கம்பியை அளவுக்கு வெட்டி, ஆரஞ்சு நிறம் தாண்டி மஞ்சள் ஏறும்வரை காய்ச்சி, டை என்ற அச்சு நடுவில் வைத்துச் சம்மட்டி இயந்திரத்தால் அடிக்கிறார்கள். ஓரத்தில் பிதுங்கி நிற்பதைச் சீவுகிறார்கள். வாயை அளவுக்குக் கடைகிறார்கள். பிறகு மறுபடி காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, மிதமான சூட்டில் வைத்துப் பதம் இறக்குகிறார்கள். மெருகு, நிக்கல், குரோம் எல்லாம் அதற்கு அப்புறம். கடையில் நம் கண்ணுக்குப் படுவது அந்தக் கடைசி மெருகு மட்டும். ஸ்பானரின் உயிர் இருப்பது டையிலும் பதத்திலும். கடினம் கூடினால் வாய் படக்கென்று உடையும், குறைந்தால் வாய் விரியும். கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 40-க்குச் சற்று மேலே ஒரு குறுகிய இடைவெளிக்குள் அதை நிறுத்த வேண்டும். டை தேயத் தேய அதை எப்போது மாற்றுவது, இந்த வாரம் வந்த கம்பி போன வாரத்துக் கம்பியிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது, உலையின் எந்த மூலையில் சூடு குறைவு, இதெல்லாம் அந்தப் பட்டறையில் வருடக்கணக்காக நின்றவர்களுக்குத் தெரியும். ஆலை மூடினால் அவர்கள் கலைந்துபோகிறார்கள். பத்து வருடம் கழித்துப் புதுக் கட்டடமும் ரோபோவும் வைத்து ஆரம்பித்தால் அந்த அறிவை முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும். ஃபோர்ட் வொர்த்தில் சறுக்கியது இதனால்தான் என்பது என் கணிப்பு, கம்பெனி அப்படிச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்காவில் செய்யவே முடியாது என்று நான் சொல்வதாகவும் நினைக்க வேண்டாம். அதே ஸ்டான்லி கம்பெனிக்குப் புரோட்டோ என்று இன்னொரு பிராண்டு உண்டு. அதற்கு ஃபோர்ட் வொர்த்துக்குப் பக்கத்து ஊரான டாலஸிலேயே ஆலை இருக்கிறது. ஸ்னாப் ஆன் அமெரிக்காவில் செய்கிறது, ஒஹாயோவில் ரைட் செய்கிறது, பென்சில்வேனியாவில் சானல்லாக் குறடு செய்கிறது. இவற்றை வாங்குகிறவர்கள் ஆலைகளும் விமானப் பட்டறைகளும் ஸ்பானரால் பிழைக்கும் மெக்கானிக்குகளும்தான், விலையைப் பார்த்தால் ஏன் என்று புரியும். கிராஃப்ட்ஸ்மேன் தொங்குவதோ வீட்டுக்காரர் சனிக்கிழமை போய் வாங்கும் கடையில், பக்கத்திலேயே தைவான் செட்டும் தொங்கும். அங்கே விலை இரண்டு மடங்கானால் கை பக்கத்துச் செட்டுக்குத்தான் போகும். சுங்கவரி ஏறினால் வேலை சீனாவை விட்டு நகரலாம். ஆனால் நகர்கிற வேலை அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, மெக்சிகோவும் தைவானும் வியட்நாமும் இருக்கின்றன. என்னைக் கேட்டால் அடுத்த பத்து வருடத்தில் முழு அமெரிக்கத் தயாரிப்பாகக் கிராஃப்ட்ஸ்மேன் சாக்கெட் செட் சாதாரண விலையில் வராது. பந்தயம் கட்ட மாட்டேன், ஆனால் காத்திருக்கவும் மாட்டேன்.

ஊர்ப் பெயரை நம்பி வாங்கும் பழக்கம் எனக்குப் போனது ஒரு ஆஃப் கிராப் காலத்தில். தெரியாதவர்களுக்காக: இங்கே கரும்பு அரைப்பு ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை. அரைப்பு இல்லாத மீதி மாதங்கள்தான் ஆஃப் கிராப், அப்போது ஆலையை அக்கக்காகப் பிரித்து மாட்டுவோம். வந்த இரண்டாம் வருடம், ஐரோப்பியப் பெயர் குத்திய பளபள செட் ஒன்றை டர்பனை ஒட்டிய பைன்டவுனில் சம்பளத்தில் பாதி கொடுத்து வாங்கியிருந்தேன். கப்ளிங்கில் ஒரு 24 எம்.எம். போல்ட், பாகும் துருவும் சேர்ந்து இறுகிப் போயிருந்தது. முழு எடையும் போட்டு இழுத்தேன். ஸ்பானர் வாய் விரிந்து நழுவி, என் முஷ்டி கேசிங்கில் போய் மோதியது. வலது கை நடுவிரல் மூட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கூட இருந்த ஜூலு ஃபிட்டர், நாங்கள் எல்லோரும் பாபா என்று கூப்பிடும் பெரியவர், ஒன்றும் பேசாமல் என் ஸ்பானரை வாங்கி, வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியை வாயில் விட்டுப் பார்த்தார். 24.7. பிறகு தன் ஸ்பானரைக் கொடுத்தார். குரோம் முழுக்கப் போய்க் கறுத்த ஸ்பானர், போல்ட் கிறீச்சென்று அசைந்தது. அவருடையதில் பெயருக்குக் கீழே தென் ஆப்பிரிக்கா என்று குத்தியிருந்தது.

அது கெடோர். ரெம்ஷைட் என்ற ஜெர்மன் ஊரில் டோவிடாட் சகோதரர்கள் 1919-இல் ஆரம்பித்த கம்பெனி. சகோதரர்கள், குடும்பப் பெயர், ஊர், மூன்றின் முன்னெழுத்துகளைச் சேர்த்தால் கெடோர். அவர்களுக்கு இங்கே, நம் பைன்டவுனை ஒட்டிய நியூ ஜெர்மனியில் ஆலை உண்டு. (ஊர்ப் பெயருக்கும் ஸ்பானருக்கும் சம்பந்தமில்லை. 1848-இல் பருத்தி பயிரிட வந்த ஜெர்மன் குடும்பங்கள் வைத்த பெயர் அது.) ஃபீனிக்ஸிலிருந்து அரை மணி நேரத் தூரம். தம்பி அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஒரு உலை பற்ற வைப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், இந்தப் பக்கம் உள்ளூர்ப் பெயரை ஒரு தடவை தட்டிப் பாருங்கள். ஆனால் இங்கேயும் அதே எச்சரிக்கை: ஒரே பிராண்டில் எல்லாச் சாமானும் ஒரே ஊரில் ஆவதில்லை. பெட்டியைப் பார்க்காமல் ஒவ்வொரு ஸ்பானரின் மேலும் என்ன குத்தியிருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம், யாரும் இதுவரை சொல்லாத ஒரு சங்கதி. அமெரிக்காவில் கடையில் தொங்கும் மெக்கானிக் செட்டில் ஏறக்குறைய பாதிச் சாமான் இன்ச் அளவில் இருக்கும். நீங்கள் பிரித்து மாட்டப் போவது டொயோட்டா ஹைலக்ஸ், அதில் வருவது 10, 12, 14, 17. ஃபோக்ஸ்வாகன் போலோ என்றால் 13 வேண்டும். அரை இன்ச் என்பது 12.7 எம்.எம்., 13 போல்ட்டில் உள்ளேயே போகாது. 9/16 என்பது 14.29, 14 போல்ட்டில் போகும், போய்த் தலையை உருட்டிவிடும். முக்கால் இன்ச் 19-க்கு ஒத்துவரும். தாத்தா காலத்துக் கப்பலில் இன்ச் சாமானுக்கு வேலை இருந்தது, உங்கள் பட்டறையில் பாதி செட் சும்மா கிடக்கும். ஆயுள் உத்தரவாதம் என்பதும் அப்படித்தான். உடைந்த சாக்கெட்டைக் கவுண்டரில் வைத்தால் புதிது தருவார்கள் என்பது அந்த ஊர்க்காரருக்கு நல்ல சலுகை. ஃபீனிக்ஸிலிருந்து அனுப்பும் தபால் கூலியில் இரண்டு சாக்கெட் வாங்கிவிடலாம்.

தம்பியின் கேள்விக்குப் பதிலாக, சீனாவில் செய்தது என்றாலே குப்பை என்று எழுதியிருக்கும் அண்ணன்மார்களோடும் எனக்கு உடன்பாடில்லை. என்ன உருக்கு, என்ன பதம், எத்தனை சோதனை என்று வாங்குகிற கம்பெனி எழுதிக் கொடுப்பதைத்தான் ஆலை செய்துகொடுக்கிறது. இன்றைக்கு வரும் தைவான் ராட்செட்டுகளில் 72 பல் சாதாரணம், அதாவது 5 டிகிரி அசைத்தால் அடுத்த பல் பிடிக்கும். பழைய ராட்செட்டில் 36 பல் என்றால் 10 டிகிரி வேண்டும். எஞ்சின் பே இடுக்கில் கை வைத்துப் பாருங்கள், அந்த 5 டிகிரி எவ்வளவு பெரியது என்று தெரியும். இந்த விஷயத்தில் தாத்தாவின் ராட்செட் தோற்றுத்தான் போகும். ஸ்பானர் வாயில் தோற்காது.

வாங்கப் போகும்போது வெர்னியர் எடுத்துப் போங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். ஸ்பானர் வாய் இரண்டும் இணையாக இருக்கிறதா, நுனியில் ஓர் அளவும் அடியில் ஓர் அளவும் காட்டுகிறதா என்று பாருங்கள். சாக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்து, சுவரின் கனம் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு பக்கம் மெலிந்திருந்தால் அங்கேதான் பிளக்கும். ராட்செட்டைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகத் திருப்புங்கள், கிளிக் சத்தம் ஒன்றுபோல வர வேண்டும். வாய்க்குள் குரோம் செதில் செதிலாக நிற்பது கையில் குத்தும், அதை வாங்காதீர்கள். முழு செட் வேண்டாம். முதல் வருடத்தில் நீங்கள் தொடப்போவது பத்துப் பன்னிரண்டு அளவுதான், அவற்றில் நல்லதாக வாங்கிவிட்டு மீதியைச் சம்பளம் வர வரச் சேருங்கள். போல்ட் கழற்றும் காற்றுத் துப்பாக்கிக்குக் கறுப்பு இம்பாக்ட் சாக்கெட் தனியாக வேண்டும், உடைந்து தெறிக்கக்கூடிய குரோம் சாக்கெட்டை அதில் மாட்டி யாரும் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெரியப்பாவிடம் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், அங்கே அடகுக் கடைகளிலும் வீட்டு வாசல் விற்பனைகளிலும் பழைய கிராஃப்ட்ஸ்மேன் ஸ்பானர்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. எம்.எம். அளவாகப் பார்த்து, பக்கத்தில் வி எழுத்து இருக்கிறதா என்று பார்த்து, பத்து ஸ்பானர் வாங்கிவரச் சொல்லுங்கள். அதுதான் நீங்கள் காத்திருக்கும் சாமான், ஏற்கெனவே செய்து முடித்தாகிவிட்டது. கைப்பையில் மட்டும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்க விமான நிலையத்தில் 7 இன்ச்சுக்கு மேல் நீளமான கருவியைக் கைப்பையில் விட மாட்டார்கள், பெரிய பெட்டியில்தான் போட வேண்டும். பெரியம்மா அந்தப் பெட்டியில் எவ்வளவு இடம் விடுவார் என்பதை நீங்கள்தான் பேசிக்கொள்ள வேண்டும்.